மகளுக்கு உடுப்பும் அதற்கேற்ற நகையும்: எங்கெல்லாம் பிசகும்?

பிள்ளைக்கு உடுப்பு தைப்பதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, மெஷின் முன்னால் உட்காருவதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடும். போனில் ஒரு படம் பார்த்திருப்போம். மயில்கழுத்து நிறத்தில் பாவாடை, அதே நிறத்தில் நூல் சுற்றிய வளையல், குட்டி ஜிமிக்கி, நெத்திச்சுட்டி. மறுநாளே நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போய் துணி, நூல், கல், மணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாங்கி வந்துவிடுவோம். அங்கேயே வரிசை தப்பிவிட்டது. துணி நனையவில்லை, பிள்ளையை அளக்கவில்லை, கைக்கு எந்த வளையல் ஏறும் என்று பார்க்கவில்லை. நகைச்சாமான் மட்டும் தயார்.

நம்ம குமரி மாவட்டத்தில் இதற்குச் சந்தர்ப்பம் வருஷம் முழுக்க உண்டு. ஓணத்துக்குக் கசவுப் பாவாடை, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, கடற்கரை ஊர்களில் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) வெள்ளை கவுன், பிறகு கிறிஸ்துமஸ், பள்ளிக்கூட ஆண்டு விழா. தக்கலையில் வீட்டோடு தையல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, இந்தத் தேதிகளுக்கு இரண்டு நாள் முன்னால் யார் என்ன கோளாறோடு படியேறி வருவார்கள் என்பது ஓரளவு மனப்பாடம். துணி, அளவு, தையல், அதன் பிறகு நகை என்று போனால் அதில் பெரும்பாலானவை வரவே வராது.

நனைக்காமல் வெட்டுவது

பருத்தித் துணி முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 24 அங்குலப் பாவாடையில் அது ஒரு அங்குலம். ரேயான் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தைத்தபோது ஒழுங்காக நின்ற ஜாக்கெட், ஒரு அலசலுக்குப் பிறகு உள்ளே இருக்கும் லைனிங் இழுத்துப் பிடிக்க, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். அதைத் தேய்த்துச் சரி பண்ண முடியாது. பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

கசவுத் துணியில் இது இரட்டிப்புத் தொல்லை. பாலராமபுரம் கைத்தறியானாலும் சரி, விசைத்தறியானாலும் சரி, புதுத்துணியில் கஞ்சி கனமாக இருக்கும். நடுவில் உள்ள பருத்தி சுருங்கும், கரையில் ஓடும் கசவு இழை அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் கரை மட்டும் அலை அலையாக நெளியும். நனைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்திலேயே தேய்த்து, கரை நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரி எடுக்க வேண்டும். ஓணத்துக்குத் தைக்கிறவர்கள் நினைவில் வைக்க ஒன்று உண்டு. நமக்கு ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அந்தச் சாரலில் துணி காய இரண்டு நாள்கூட ஆகலாம். முந்தின நாள் ராத்திரி துணி வாங்கி மறுநாள் தைப்பது இங்கே நடக்காத காரியம்.

லேஸும் சுருங்கும். நாகர்கோவிலுக்கு லேஸ் புதிதில்லை. 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததிலிருந்து வரும் வழக்கம் அது. கையால் பின்னிய பருத்தி லேஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதைச் சுருட்டியபடியே வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்த பிறகே கவுன் விளிம்பில் வையுங்கள். இல்லாவிட்டால் லேஸ் சுருங்கி, விளிம்பு முழுவதையும் உள்பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

பட்டுக்கு இந்த நனைக்கிற வேலை வேண்டாம். பருத்தித் துணியை மேலே விரித்து, மிதமான சூட்டில் தேய்த்தால் போதும். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்க ஓரத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வோம். சாயம் போடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. போட்டு முடித்துக் கடைக்கு வந்த துணியில் அது ஒன்றும் பிடித்துவைக்காது. சாயம் விடும் துணியென்றால் பக்கத்தில் வெள்ளை பைப்பிங் வைக்காதீர்கள்.

“வளர்ற பிள்ளைதானே”

இந்த ஒரு சொல்லால் கெட்டுப்போன ஜாக்கெட்டுகள் ஏராளம். பிள்ளை வளர்கிறாள் என்று தோளில் ஒரு அங்குலம், மார்பில் நாலு அங்குலம் கூட வைத்துத் தைப்பார்கள். விழா அன்று அந்தப் பிள்ளை ஒரு கையால் தோளை இழுத்துவிட்டுக்கொண்டே நிற்கும்.

நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஏறக்குறைய 5, 6 சென்டிமீட்டர் உயரும். அதில் பெரும்பங்கு காலில். தோளும் மார்பும் அந்த வேகத்தில் அகலமாவதில்லை. ஆகவே வளர்ச்சிக்கு விடும் துணி நீளத்தில் இருக்கட்டும். பாவாடையின் உள்பக்கம் குறுக்காக டக் (மடித்துப் போடும் தையல்) பிடித்துவிடுங்கள். ஒரு அங்குல டக் இரண்டு அங்குல நீளத்தை விழுங்கும். அப்படி இரண்டு பிடித்தால், ஒன்றை அடுத்த வருஷம் பிரிக்கலாம், மற்றதை அதற்கடுத்த வருஷம். மார்புக்குச் சுற்றளவை விட இரண்டு, மூன்று அங்குலம் தளர்வு போதும். பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் மடித்துவிட்டால் பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம். கைக்குழியிலும் கழுத்திலும் மட்டும் அப்படிக் கூடுதல் துணி விடக்கூடாது. வளைவான இடத்தில் அகல மடிப்பு இருந்தால் படிந்து நிற்காது. அரை அங்குலத்துக்குள் வைத்து, தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுக் கொடுத்தால்தான் வளைவு ஒழுங்காகத் திரும்பும்.

பட்டுப்பாவாடையில் கரை துணியின் நீள ஓரத்தோடு ஓடும். அதனால் பாவாடையின் சுற்றுதான் துணியின் நீளம், பாவாடையின் உயரம் துணியின் அகலம். 44 அங்குல அகலத் துணியில் சின்னப் பிள்ளைக்கு மேலே நிறையவே மிஞ்சும். “தேவையில்லாதது” என்று அதை வெட்டி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அந்த மிச்சம்தான் மூன்று வருஷத்து டக். ஜாக்கெட் துணி போதாமல் போனால் மட்டும் அதில் கை வையுங்கள்.

இன்னொன்று: சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று இருக்காது. வயிறு முன்னால் தள்ளி நிற்கும், நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பாவாடை இறங்கும். இறுக்கக் கட்டிய தடம் சாயங்காலம் வயிற்றில் சிவப்பாகத் தெரியும். ஆறு, ஏழு வயது வரைக்கும் மேலே கையில்லாத பருத்தி பாடி வைத்துப் பாவாடையை அதிலேயே சேர்த்துத் தைப்பதுதான் சரி. மேலே ஜாக்கெட் போட்டால் பாடி வெளியே தெரியாது, பிள்ளை எவ்வளவு ஓடினாலும் பாவாடை நின்ற இடத்தில் நிற்கும்.

தலை நுழையுமா?

கழுத்து அளவு எடுக்கிறோம், தலை அளவு எடுப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று ஏறக்குறைய 20 அங்குலம். 5 அங்குலம் குறுக்களவில் வட்டக் கழுத்து வெட்டினால் அதன் சுற்று 16 அங்குலத்தைத் தொடாது. தலை எப்படி நுழையும்? பின்னால் 3 அங்குலம் திறப்பு வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 6 அங்குலம் கூடும், தாராளமாக இறங்கும். பின்னல் போட்டு, பூ வைத்த பிறகு மாட்டுகிற உடுப்பென்றால் திறப்பு இடுப்பு வரை வேண்டும். தோவாளையிலிருந்து வாங்கி வந்த மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டு, குறுகின கழுத்துக்குள் தலையைத் திணிக்கும்போது பூவும் போகும், பிள்ளையின் முகமும் கோணும்.

அளவு எடுக்கும்போது பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். “அனங்காம நில்லு மக்களே” என்று நாமே அப்படி நிற்கவைத்துவிடுவோம். அளந்து முடித்ததும் கையைத் தூக்கச் சொல்லுங்கள், குந்தி உட்காரச் சொல்லுங்கள், அந்த நிலையிலும் ஒருமுறை டேப் பிடியுங்கள். வெட்டிய துணியை முதலில் கையால் நூலோட்டிப் போட்டுப் பார்க்கும்போதும் இதே சோதனைதான். பருத்தியில் தையலைப் பிரித்தால் தடம் மறையும். பட்டில் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் பட்டை நேராக மெஷினில் ஓட்டிவிட்டுப் பிறகு பிரிக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

அம்மாவின் பழைய பட்டுச் சேலையை வெட்டித் தைக்கிறவர்கள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த கோட்டில் பட்டு இற்றுப்போயிருக்கும், வெளிச்சம் கோடாக ஊடுருவும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தால் அந்த இடத்தில் ‘சர்’ என்று கிழிகிற சத்தமே கேட்கும். அந்தக் கோடு கைக்குழியிலும் இடுப்பிலும் வராதபடி துணியைத் திருப்பி வையுங்கள். சேலை முழுக்க அப்படி இருந்தால் பாவாடை ஆசையை விட்டுவிட்டு, கரையை மட்டும் எடுத்துப் புதுப் பருத்தித் துணியில் வைத்துத் தைக்கலாம். பார்வைக்கு அதுவே பலநேரம் நன்றாக இருக்கும்.

மெஷின் சங்கதி சுருக்கமாக: பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கேன்வாஸ் வைத்த கனத்த இடத்துக்கு 16. மழுங்கின ஊசி துணியில் இறங்கும்போது ‘டப் டப்’ என்று சத்தம் கேட்கும், இழை இழுபடும். ஊசி விலை குறைவு, பட்டு விலை அப்படியில்லை. தையலின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் மேல்நூல் கோர்த்ததில்தான் பிசகு இருக்கும். மேலேயிருந்து மறுபடி கோர்த்து, மிச்சத் துணியில் லைனிங்கோடு சேர்த்து ஒருதரம் ஓட்டிப் பாருங்கள்.

உறுத்துவது எது?

உடுப்பை உள்பக்கம் திருப்பி உங்கள் கழுத்திலோ முன்கையின் உட்பக்கத்திலோ தேய்த்துப் பாருங்கள். ஜரிகையின் அடிப்பக்கம், நெட் துணியின் வெட்டின ஓரம், ஓவர்லாக் நைலான் நூல், பின்கழுத்துக் கொக்கி என்று உறுத்தும் இடமெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கவுன் விரிந்து நிற்கக் கேன்கேன் (விறைப்பான நெட் துணி) வைத்தால் அதற்கும் காலுக்கும் நடுவே ஒரு பருத்தி லைனிங் கட்டாயம். கேன்கேன் ஓரத்தைத் துணிப்பட்டியால் மூடவும் வேண்டும். புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைக்கிறவர்கள் லைனிங்கையும் வெள்ளையாக வைத்து, வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் தெரிகிறதே என்று சங்கடப்படுவார்கள். பிள்ளையின் மேனி நிறத்தையொட்டிய லைனிங் வைத்தால் அது தெரியாது.

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மத்தாப்பு பிடிக்கிற பிள்ளைக்கு, தரையைக் கூட்டுகிற நைலான் நெட் கவுன் வேண்டவே வேண்டாம். செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் அப்படி உருகி ஒட்டாது. அந்த நேரத்துக்கு உடம்பை ஒட்டின பருத்தி உடுப்புக்கு மாற்றிவிடுங்கள். விழாக் கவுன் அறைக்குள் ஆணியில் தொங்கட்டும்.

நிறம் சேரவில்லை

இப்போதுதான் நகைக்கு வருகிறோம். உடுப்பு தைத்து முடிந்துவிட்டது, மிச்சத் துணி கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பகலில் கடைக்குப் போங்கள். ட்யூப்லைட்டுக்குக் கீழே கச்சிதமாகப் பொருந்தின நூல், வெயிலில் வேறு நிறம் காட்டும். துணிச்சாயம் வேறு, நூல்சாயம் வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். நூல்கண்டைத் துணியோடு சேர்த்துக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கடைக்காரர்களுக்கு இது பழக்கம்தான்.

மயில்கழுத்தில் கஷ்டம் இன்னும் அதிகம். அந்தத் துணியில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைத்தால் நீலம் போய்ப் பச்சை வரும். அதற்கு ஒரே நிற நூலில் வளையல் சுற்றினால் எந்தப் பச்சையும் சேராது. பாவில் ஒரு இழையையும் ஊடையில் ஒரு இழையையும் துணி ஓரத்திலிருந்து உருவி எடுத்து, வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு நிறத்திலும் நூல் வாங்கி, வளையலை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுற்றினால் துணியோடு இழைந்து போகும்.

பாவாடை சிவப்பு, வளையல் சிவப்பு, ஜிமிக்கி சிவப்பு, ரிப்பன் சிவப்பு என்று எல்லாம் ஒரே நிறமாக்குவது எனக்கு ஒப்புவதில்லை. துணியில் எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அதை நகைக்கு எடுங்கள். சிவப்புப் பாவாடையில் ஒரு மயிரிழை பச்சைக் கரை ஓடினால், நகை பச்சையாக இருக்கட்டும். பொன் நிறத்திலும் கவனம் வேண்டும். ஜரிகை பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, மணியெல்லாம் கறுத்த ஆன்டிக் நிறத்தில் இருந்தால் இரண்டும் சண்டை போடும்.

நம்ம வடசேரிக் கோயில் நகைக்கு நாகர்கோவில் பெயரில் புவிசார் குறியீடே உண்டு. கெம்புக் கல் பதித்த நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் பரதநாட்டிய மேடைக்கானவை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று பெரிதாகச் செய்தவை. அந்தச் சாயலில் கிடைக்கும் செட்டை முழுதாக வாங்கி, பூப்போட்ட பருத்திப் பாவாடைக்கு மேல் மாட்டிவிட்டால் பிள்ளை நகைக்குள் காணாமல் போய்விடும். கெம்பு ஆசை இருந்தால், நூல் சுற்றிய ஜிமிக்கியின் மேல்தட்டில் ஒரே ஒரு சிவப்புக் கல் வையுங்கள். அதுவே கொள்ளாம்.

வளையல் கணக்கு

வளையல் அளவில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. புள்ளிக்குப் பிறகு வருவது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டேகால் அங்குலக் குறுக்களவு, 2.8 இரண்டரை, 1.12 ஒன்றேமுக்கால். 2.10 என்பது 2.2-ஐ விடச் சின்னது என்று நினைத்து வாங்கி வந்தால் அம்மா கைக்குத்தான் ஆகும். ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அரைக்கால் அங்குலம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

பிள்ளையின் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைக் குவிக்கச் சொல்லி, முட்டிகளைச் சுற்றி டேப் பிடியுங்கள். ஐந்தரை அங்குலம் வந்தால் அதை 3.14-ஆல் வகுக்க ஒன்றேமுக்கால். ஆகவே 1.12. ஆனால் நூல் வளையலின் உட்பக்கமும் ஏறும், பசையும் காய்ந்து தடிக்கும். அதனால் அடுத்த அளவான 1.14 வளையலை வாங்கிச் சுற்றுங்கள். சுற்றும்போது நூல்களைத் தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், லேசான சாய்வில் கொண்டுபோக வேண்டும். பசையை உட்பக்கம் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. முழுக்கத் தடவிவிட்டுச் சுற்றினால் வெளிப்பக்கம் ஊறிக் கறுப்புத் திட்டு விழும். அது காய்ந்தாலும் போகாது. ‘சில்க் திரெட்’ என்று விற்பது பெரும்பாலும் பட்டே அல்ல, ரேயான். ரேயான் நனைந்தால் பலம் இழக்கும். கைகழுவும்போது வளையலைக் கழற்றச் சொல்லுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். எந்தப் பிள்ளை கேட்கும் என்பது வேறு விஷயம்.

பசை

நூல் நகை செய்கிறவர்கள் நிறையப் பிசகுவது இதில்தான். வெள்ளைப் பசை காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகும். நம்ம ஊர்க் கடல்காற்றில், வியர்வையில், கொலுசுமணி அளவு கல்கூட ஒவ்வொன்றாய் உதிரும். அதற்குப் பயந்து சட்டென்று ஒட்டும் சூப்பர் க்ளூவுக்குப் போவார்கள். அதில் இரண்டு வம்பு உண்டு. ஒன்று, அது காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் இறுகும். ஈரம் அதிகமான இடத்தில் அதன் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் படியும். குந்தன் கல்லின் பளபளப்பு அதோடு சரி. இரண்டாவது இன்னும் மோசம். சூப்பர் க்ளூ பருத்தியில் பட்டால் வேகமாக இறுகிச் சூடேறும். நூலிலோ பஞ்சிலோ ஒரு பெரிய சொட்டு விழுந்தால் விரல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், புகைகூட வரும். பிள்ளை மடியில் இருக்கும்போது இதைத் திறக்கவே வேண்டாம். பருத்தித் துணியால் துடைக்கவும் கூடாது.

துணிக்கும் கல்லுக்கும் என்றே விற்கும், காய்ந்தாலும் வளைந்துகொடுக்கும் பசையை வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். ஒட்டிய கையோடு தொடாமல் ஒரு ராத்திரியும் பகலும் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள். முடிந்த இடத்தில் பசையை நம்பாமல் ஊசிநூலால் தைத்துவிடுவது என் வழக்கம். துணியில் செய்த பூ, முத்து, குஞ்சம் எல்லாம் தைக்கக்கூடியவைதான்.

கம்பி வளையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிமிக்கியைத் தொங்கவிடும் ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது இரண்டு முனையையும் விலக்கி அகட்டாதீர்கள். வட்டம் கெட்டுவிடும், மூடினாலும் சந்து நிற்கும், ஜிமிக்கி வழியில் எங்கேயாவது விழும். இரண்டு குறடால் பிடித்து, ஒரு முனையை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் திருகித் திறந்து, அதே வழியில் திருகி மூட வேண்டும். மாலை கோர்க்க வெறும் தையல் நூல் போதாது. கியர் ஒயரில் (மணி கோர்க்கும் மெல்லிய கம்பி) கோர்த்து, இரண்டு முனையிலும் கியர் லாக் எனும் குட்டி உலோக மணியை நன்றாக நசுக்கிவிடுங்கள்.

களிமண் நகை செய்கிறவர்கள், வெயிலில் காய்ந்ததைச் சுட்டது என்று எண்ணிவிடக் கூடாது. 500, 600 டிகிரி சூட்டைத் தாண்டாத மண் தண்ணீரில் திரும்பக் கரையும். அடுக்களை ஓவனில் அந்தச் சூடு வராது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தாலும் ஒரு மழைக்கு ஜிமிக்கி கரைந்து வழியும். சுட்டு எடுக்க வசதி இல்லாவிட்டால் சுட்டதை வாங்கிவந்து வண்ணம் மட்டும் தீட்டுங்கள்.

காதும் கழுத்தும்

நகைக்கு எவ்வளவு மெனக்கெட்டாலும் காதுக்குள் போகும் கம்பியை மலிவாக வாங்கினால் எல்லாம் வீண். விலை குறைந்த கம்பிகளில் நிக்கல் இருக்கும். சில பிள்ளைகளுக்கு அதனால் காது சிவந்து, அரித்து, நீர் வடியும். ஒருமுறை நிக்கல் ஒவ்வாமை வந்தால் ஆயுசுக்கும் போகாது. ஐரோப்பிய நாடுகளில் உடம்பில் படும் நகையிலிருந்து வெளிவரும் நிக்கலுக்குச் சட்டப்படி வரம்பே இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய வெள்ளிக் கம்மலின் கம்பியையோ, சர்ஜிக்கல் ஸ்டீல் கம்பியையோ போட்டு ஜிமிக்கியைத் தொங்கவிடுங்கள். காது குத்திப் புண் ஆறாத பிள்ளைக்கு ஆறு, எட்டு வாரம் வரை எந்தக் கைவேலை நகையும் வேண்டாம். அந்தச் சின்னத் தங்கக் கம்மலே இருக்கட்டும். கனத்த மண் ஜிமிக்கியை நாள் முழுக்கப் போட்டால் துளை கீழே இறங்கும்.

காது குத்தாத பிள்ளைகளுக்குக் காந்தக் கம்மல் விற்கிறார்கள். வாங்கவே வாங்காதீர்கள். பிள்ளைகள் அதைக் கழற்றி வாயில் போடும். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குடலைத் துளைத்துவிடும், ஆபரேஷன் வரை போகும். காது குத்தவில்லை என்றால் காதைச் சுற்றி மாட்டும் துணி மாட்டல் ஒன்று தைத்து, அதில் ஜிமிக்கியைத் தொங்கவிடலாம்.

3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மணி கோர்த்த எதுவும் கூடாது. அந்த வயதுப் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் வாய் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் நுழையும் எந்தத் துண்டும் மூச்சுக்குழலை அடைக்கலாம் என்பது கணக்கு. நாம் கோர்க்கும் மணியெல்லாம் அதற்குள் அடக்கம். அந்தக் குட்டிகளுக்குப் பொருத்தமாக வேண்டுமென்றால் மிச்சத் துணியில் ஒரு தலைப்பட்டி தைத்துவிடுங்கள்.

கழுத்து நாடாவும் இதே ரகம். பின்கழுத்தில் குஞ்சம் தொங்கும் கயிறு பெரியவர்கள் ஜாக்கெட்டில் அழகுதான். ஆனால் சறுக்குமரத்திலோ, கதவுக் கைப்பிடியிலோ, ஆட்டோ கம்பியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பிய தர விதி ஈ.என். 14682, 7 வயதுக்குட்பட்டோர் உடுப்பில் கழுத்துப் பக்கம் இழுகயிறே வைக்கக்கூடாது என்கிறது. கயிறு போட்ட தோற்றம் வேண்டுமென்றால் முடிச்சையும் குஞ்சத்தையும் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, திறப்பதற்குப் பக்கத்தில் கொக்கி வையுங்கள். கழுத்தில் போட்ட மணிமாலையையும் தூங்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

எடுத்து வைப்பது

பட்டும் நகையும் ஒரே பெட்டியில் போவது வழக்கம். இரண்டுக்கும் தேவை வேறு. பட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால், ஜூன் மழையும் அக்டோபர் மழையும் அடுத்தடுத்து வரும் நம்ம ஊரில் பூஞ்சைப் புள்ளி விழும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நகைக்கு நேர்மாறு. பித்தளை, செம்புக் கம்பி எல்லாம் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும். ஆகவே ஜிப் கவரில் காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். அந்தப் பொட்டலம் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அந்துருண்டையைப் பட்டிலும் ஜரிகையிலும் நேராக படும்படி வைக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டை வைத்த துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். வைத்திருந்த உடுப்பென்றால் அலசி, வெளியில் நன்றாகக் காற்றாடவிட்ட பிறகே போட்டுவிடுங்கள்.

அடுத்த வருஷம் டக்கைப் பிரித்தால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், தேய்த்தாலும் முழுக்கப் போகாது. அதன்மேல் மெல்லிய லேஸோ ரிப்பனோ ஓட்டிவிட்டால் முதலிலிருந்தே அப்படித் தைத்ததாகத்தான் நினைப்பார்கள். பாவாடை நீளும், வளையல் நீளாது. வருஷத்துக்கு ஒரு ஜோடி புதிதாகச் சுற்றவேண்டி வரும். அதே நிறம் என்று மறுபடி கடையில் கேட்டால் சாயத்தொட்டி மாறியிருக்கும், நிறம் ஒரு சாயல் தள்ளி நிற்கும். ஆகவே வாங்கும்போதே இன்னொரு நூல்கண்டு சேர்த்து வாங்கி, நிற நம்பர் எழுதின ஒட்டுச்சீட்டோடும் ஒரு துண்டு மிச்சத் துணியோடும் அதே கவரில் போட்டு வையுங்கள்.